மாடிப்படி லிஃப்ட்டுக்கு இப்போது பணம் திரட்ட வேண்டாம்

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 51. ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். போன வருஷம் இடது கால் அடிக்கடி தடுக்க ஆரம்பித்தது. பல பரிசோதனைக்குப் பிறகு மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழந்துகொண்டே போகும் நோய் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலது கையிலும் பிடி தளர்கிறது. எங்களுடையது பக்கத்து வீட்டோடு ஒட்டிய பழைய இரண்டு மாடி வீடு. படுக்கையறையும் குளியலறையும் மாடியில், கீழே ஹாலும் சமையலறையும் பின்பக்கம் ஒரு கழிவறையும். ரோட்டிலிருந்து வாசலுக்கு 14 படி இறங்க வேண்டும். மாடிப்படி லிஃப்ட்டுக்கும், சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வேனுக்கும் என்று என் நாத்தனார் மகன் இணையத்தில் 6,50,000 ராண்ட் கேட்டு நன்கொடைப் பக்கம் தயார் செய்து வைத்திருக்கிறான். கோயில் கமிட்டியும் வசூல் செய்து தருகிறோம் என்கிறார்கள். அவரோ, "இருபத்தெட்டு வருஷம் உழைத்தவன், ஊர் முன்னால் கை நீட்டணுமா?" என்று கோபப்படுகிறார். வேலையையும் விட்டுவிடப் போகிறாராம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், மகன் மெட்ரிக் படிக்கிறான். எதற்குக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்டது வசூலைப் பற்றி. ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிற ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வேலையை விடப் போகிறார் என்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். ராஜினாமாக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவே கூடாது.

காரணம் இதுதான். அத்தனை வருஷம் ஒரே தொழிற்சாலையில் இருந்தவருக்குப் பெரும்பாலும் பிராவிடன்ட் ஃபண்டும், அதோடு சேர்ந்த குழுக் காப்பீடும் இருக்கும். நோயால் வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் சம்பளத்தின் ஒரு பங்கோ, மொத்தமாக ஒரு தொகையோ தருகிற காப்பீடு அது. வேலையில் இருக்கும்வரைதான் அது செல்லும். தானாக விலகினால் அன்றோடு போயிற்று, வேலையிழப்புக்கான யூஐஎஃப் (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பணமும் கிடைக்காது. விலகாமல் நோய் விடுப்பில் போனாலோ, சம்பளம் குறைகிற காலத்தில் யூஐஎஃப்பின் நோய்க்கால உதவியைக் கேட்கலாம். ஆகவே அவர் செய்ய வேண்டியது ராஜினாமா இல்லை. மனிதவளப் பிரிவுக்குப் போய், "எனக்கு இயலாமைக் காப்பீடு இருக்கிறதா, விதிமுறைப் புத்தகத்தைக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்பது. மனு கொடுக்கக் கெடு உண்டு. பணம் வரத் தொடங்குவதற்கு முன் சில மாதக் காத்திருப்பும் பெரும்பாலும் உண்டு. அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

அதே மூச்சில் வீட்டு அலமாரியையும் ஒரு நாள் கொட்டிக் கவிழ்த்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் இருந்தால் அதில் கடும் நோய்ப் பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். பல நிறுவனங்களின் பட்டியலில் மோட்டார் நியூரான் நோய் பெயர் சொல்லியே இருக்கும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால், கடனோடு எடுத்த காப்பீடு இயலாமைக்கும் பொருந்துமா என்று வங்கியில் கேளுங்கள். பிராவிடன்ட் ஃபண்டை முழுசாக உடைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. 2024 செப்டம்பரில் வந்த இரட்டைப் பானைத் திட்டம் ஓய்வுகாலச் சேமிப்பை இரண்டாகப் பிரிக்கிறது; அதில் முன்கூட்டியே எடுக்கக்கூடிய பங்கான சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்கலாம். ஆனால் எடுப்பது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். வேறு வழி இல்லாதபோது அந்தப் பக்கம் போங்கள்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்களிடம் வருகிற குடும்பங்களில் பாதிப் பேர் உரிமையாக வர வேண்டிய பணத்தைக் கேட்காமல் விட்டுவிட்டு, தயவாக வர வேண்டிய பணத்துக்கு அலைகிறார்கள். உங்கள் வீட்டுக்காரரின் கோபத்துக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. காப்பீட்டுப் பணம் கை நீட்டி வாங்குவது இல்லையே. அவர் சம்பளத்திலிருந்து பிடித்ததுதானே.

சரி, இனி வசூல். மருமகன், அதாவது உங்கள் நாத்தனார் மகன், நல்ல பையன், நல்ல எண்ணத்தில் செய்திருக்கிறான். ஆனால் அந்தப் பக்கத்தை இன்றைக்கு வெளியிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவன் கேட்கிற இரண்டுமே உங்களுக்குத் தேவையில்லாத பொருள்கள்.

மாடிப்படி லிஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏற, ஒருவர் தானாக நிமிர்ந்து உட்கார வேண்டும், கைப்பிடியைப் பற்ற வேண்டும், மேலே போனதும் எழுந்து இன்னொரு நாற்காலிக்கு மாற வேண்டும். இன்றைக்கு அவரால் முடியும். இந்த நோயில் காலுக்கும் கைக்கும் அடுத்து முதுகும் கழுத்தும் தளரும். அப்போது அந்த இருக்கையில் உட்கார வைப்பதே ஆபத்து. மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு சக்கர நாற்காலியும் வேண்டியிருக்கும். சாட்ஸ்வொர்த் வீடுகளில் படி குறுகல், பல வீடுகளில் நடுவில் ஒரு திருப்பமும் உண்டு. திருப்பத்துக்கான தண்டவாளத்தை அந்தப் படிக்கென்றே அளவெடுத்து வளைப்பார்கள். பிறகு விற்கலாம் என்றால் வாங்க ஆள் கிடையாது. ஊரே சேர்ந்து கொடுத்த பணம் ஒரு வருஷத்துக்குள் சுவரில் மடங்கித் தொங்கிக்கொண்டிருக்கும், கொடுத்தவர்கள் வந்து பார்ப்பார்கள். அதுதான் அவருக்கு நிஜமான அவமானமாக இருக்கும்.

மெதுவாக நகர்கிற நோய் என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். தசைநார்ச் சிதைவில் சில வகைகள் இருபது, முப்பது வருஷம் எடுக்கும். அங்கே லிஃப்ட்டுக்குக் கணக்கு உதைக்காது. மோட்டார் நியூரான் நோய் அப்படி இல்லை என்று டாக்டர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களும் உண்டு, அவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு வேகமாகத்தான் போகிறது. அதனால் இந்த நோயில் பணம் கேட்பதற்கு ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைய கஷ்டத்துக்குப் பொருள் வாங்காதீர்கள், இன்னும் ஆறேழு மாதத்தில் வரப்போகிற கஷ்டத்துக்கு வாங்குங்கள். கைத்தடிக்காரருக்குத் தேவையானதை இன்று வசூலித்தால், பணம் சேர்ந்து, ஆர்டர் கொடுத்து, பொருள் வந்து சேரும்போது அவர் நாற்காலிக்காரராக இருப்பார்.

அப்படியானால் என்ன செய்வது? அவரை மாடிக்கு ஏற்றாதீர்கள். படுக்கையைக் கீழே கொண்டு வாருங்கள்.

ஹாலில் படுப்பது என்றதும் அவர் முகம் சுளிப்பார், அது நியாயம். வருகிறவர் போகிறவர் முன்னால் படுத்துக்கிடக்க யாருக்குத்தான் பிடிக்கும்? அதனால் ஹாலை இரண்டாகப் பிரியுங்கள். ஜிப்சம் பலகையில் ஒரு தடுப்பு, அதில் அகலமான நகர்த்துக் கதவு. கதவுக்கு 80 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள், ஏனென்றால் மின் சக்கர நாற்காலி 65 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், பிடித்துத் தள்ளுகிறவரின் விரல் முட்டி கதவு நிலையில் உரசக் கூடாது. ஜன்னல் அவர் பக்கம் வரட்டும். டிவியும் அவர் பக்கமே இருக்கட்டும், விருந்தாளிகள் பேசிவிட்டுப் போகட்டும். ஏற்றி இறக்கும் மின்கட்டிலை விலை கொடுத்து வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும்.

பின்பக்கக் கழிவறைதான் உங்கள் வீட்டில் தங்கம். அதோடு சமையலறை மூலையையோ பின்கட்டையோ சேர்த்து, தரை முழுக்க ஒரே மட்டமாகத் தண்ணீர் வடிகிற குளியலறையாக்குங்கள். தொட்டி வேண்டாம், ஷவருக்கு வரம்பு கட்ட வேண்டாம். சக்கரம் வைத்த ஷவர் நாற்காலி அப்படியே உருண்டு கழிவறைக் கோப்பைக்கு மேலேயும் போய் நிற்கும். ஒரே நாற்காலியில் இரண்டு வேலை. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் குழாய் பதிக்கிறதானால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கட்டடத்தைத் தொடுவதால் மாநகராட்சியில் வரைபட அனுமதி வேண்டுமா என்று கட்டடக்காரரையே எழுத்தில் கேளுங்கள். என் கணக்கில் முதல் வசூல் இதற்காகத்தான் நடக்க வேண்டும். கைத்தடியோடு நடக்கும்போதும் உதவும், படுக்கையில் விழுந்த பிறகும் உதவும்.

இனி அந்த 14 படி. சரிவுப் பாதை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு படி 17 சென்டிமீட்டர் என்றால் 14 படிக்கு 238 சென்டிமீட்டர் உயரம். இந்த நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு மீட்டர் நீளச் சரிவு வேண்டும். அதாவது இருபத்தெட்டரை மீட்டர் நீளம், நடுநடுவே நிற்கும் தளங்கள் தனி. உங்கள் மனையில் அதற்கு இடம் இருக்காது. இடம் மிச்சம் என்று செங்குத்தாகப் போட்டுவிட்டால், ஆளோடு சேர்த்து இருநூறு கிலோவைத் தாண்டுகிற மின் நாற்காலியை மழை நாளில் யார் பிடிப்பது?

சாட்ஸ்வொர்த் மேடு பள்ளத்தில் ஒன்று கவனித்திருப்பீர்கள். முன் ரோட்டுக்குப் பள்ளத்தில் இருக்கிற வீட்டின் பின்வேலி, கீழ் ரோட்டுக்கோ பின்வீட்டு முற்றத்துக்கோ ஏறக்குறைய சமமாக இருக்கும். முதலில் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பின்வீட்டுக்காரர் ஒரு கேட் வைக்கச் சம்மதித்தால், பெரிய செலவு சின்னச் செலவாகிவிடும். இப்படி ஒரு கேட்டுக்காக அண்டை வீட்டாரிடம் பேசப் போகும்போது கோயில் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இது பணத்தை விடப் பெரிய உதவி. அந்த வழி இல்லை என்றால் வெளியே நாற்காலியோடு நேராக ஏற்றி இறக்கும் செங்குத்து லிஃப்ட் வைக்கலாம். செலவு அதிகம், டர்பன் கடற்காற்றில் துருப்பிடிக்கும், பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் வாங்காதீர்கள்.

வேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்காலியைத் தீர்மானிக்கும் முன் வண்டியைத் தீர்மானிக்க முடியாது. அவர் உட்கார்ந்த நிலையில் தலை எவ்வளவு உயரம் வருகிறது, நாற்காலி எவ்வளவு கனம் என்று தெரிந்தால்தான் வண்டியின் கதவும் தரையும் பொருந்துமா என்று சொல்ல முடியும். மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை கோயிலுக்கும் போவதற்கு வண்டியை வாங்கி வெட்டி மாற்றுவதைவிட, வாடகை வண்டி பிடிப்பது எவ்வளவோ மலிவு. இயலாதவர்களுக்காக டர்பன் மாநகராட்சி நடத்தும் டயல்-எ-ரைடு சேவையில் பெயரை இப்போதே பதிந்து வையுங்கள்.

நாற்காலிதான் பெரிய செலவு, அதில் அவசரப்பட்டால் பணம் பாழ். கடையில் பார்த்துக் கை காட்டி வாங்குகிற மடக்கு நாற்காலி இவருக்குச் சில மாதம்தான். கடைசியில் தேவைப்படுவது இருக்கை முழுவதும் பின்னால் சாய்கிற, தலைக்குத் தாங்கல் உள்ள, கைப்பிடிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய மின் நாற்காலி. கை விரல் ஓய்ந்தாலும் மோவாயாலோ தலையாலோ ஓட்டுகிற மாதிரி மாற்ற முடிகிற மாடலாக இருக்க வேண்டும். இதை அளவெடுத்து எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்கு ஏற்ற வழியும் கருவியும் சொல்கிற நிபுணர். விற்பனையாளர் எழுதிக் கொடுப்பதை நம்பி வசூல் தொடங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியின் தெரபி பிரிவு மூலமும் நாற்காலி தருவார்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால் பெயரை இன்றே போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வந்தால் லாபம். அப்புறம் ஒரு விஷயம், சொல்லவே மனம் கஷ்டப்படுகிறது. இந்த நோய்க்கென்று வாங்கிய நல்ல நாற்காலிகள் அதிகக் காலம் ஓடாமலே இன்னொரு வீட்டுக்குப் போகத் தயாராகிவிடுகின்றன. தென்னாப்பிரிக்க மோட்டார் நியூரான் நோய்ச் சங்கத்திடமும், ரக்பி வீரர் யூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹைசன் தொடங்கிய ஜே9 அறக்கட்டளையிடமும் முதலில் பேசுங்கள். இந்த நோய்க்காரர்களின் தேவை தெரிந்தவர்கள், எது எங்கே இரவலாகக் கிடைக்கும் என்று வழி காட்டக்கூடியவர்கள். ரோட்டரி, லயன்ஸ் கிளப்களிடமும் கேளுங்கள். இரவல் நாற்காலியை மெத்தையை மட்டும் புதிதாக மாற்றி உபயோகிக்கலாம், மெத்தையில் கஞ்சத்தனம் கூடாது, படுக்கைப் புண் வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் வதைக்கும்.

மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டுகிற மருத்துவச் செலவுத் திட்டம்) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயமாகப் பணம் தர வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பார்க்கின்சன் உண்டு, மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் உண்டு, மோட்டார் நியூரான் நோய் இல்லை. அதனால் நாற்காலிக்கு முதலில் வெளிக் கருவிகளுக்கான வரம்புக்குள் ஏதோ கொஞ்சம் தந்துவிட்டு மற்றதற்குக் கை விரிப்பார்கள். அத்தோடு திரும்பிவிடாதீர்கள். எக்ஸ் கிரேஷியா மனு என்று ஒன்று உண்டு, திட்ட விதிக்கு வெளியே கமிட்டி கூடிப் பரிசீலிப்பது. நரம்பியல் டாக்டரின் கடிதம், தெரபிஸ்டின் அறிக்கை, இரண்டு கடையின் விலைப் பட்டியல், இவற்றோடு மனு கொடுங்கள். கிடைக்கும் என்று உறுதி இல்லை. மறுத்தாலும் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், பெரிய நிறுவனங்களிடமோ அறக்கட்டளைகளிடமோ போகும்போது "நாங்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டோம்" என்பதற்கு அதுதான் சாட்சி.

வரியும் ஒரு வருமானம்தான். டாக்டரிடம் சார்ஸின், அதாவது வரித்துறையின், இயலாமையை உறுதி செய்யும் ஐடிஆர்-டிடி படிவத்தை நிரப்பி வாங்குங்கள். நோயாளி 65 வயதுக்கு உட்பட்டவராக, இயலாமை உறுதி செய்யப்பட்டவராக இருந்தால், தகுதியுள்ள செலவில் 33.3 சதவீதம் வரியில் கழியும். வாழ்க்கைத் துணைக்காகச் செலவழித்தால் நீங்களும் கோரலாம். நாற்காலி, கைப்பிடிகள், வீட்டு மாற்றம், பார்த்துக்கொள்கிற ஆளின் சம்பளம் எல்லாம் இதற்குள் வரக்கூடியவை. உதாரணமாக குளியலறைக்கு உங்கள் கையிலிருந்து 90,000 ராண்ட் போயிருந்தால் ஏறத்தாழ 30,000 வரியில் குறையும். ஆனால் வரி கட்டுகிறவருக்குத்தான் இது, கட்டும் வரிக்கு மேல் கிடைக்காது. நீங்கள் கட்டிய பணத்துக்கு மட்டும்தான் கோர முடியும், கோயில் நேரே கடைக்காரருக்குக் கட்டியதற்குக் கோர முடியாது. ஆகவே வசூல் பணத்தில் எதை வாங்குவது, சொந்தப் பணத்தில் எதை வாங்குவது என்று யோசித்துப் பிரியுங்கள்.

அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சாசாவின் இயலாமை உதவித்தொகை 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. உங்கள் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காப்பீட்டுப் பணம் மாதாமாதம் வருமானால் பெரும்பாலும் கிடைக்காது. எதுவும் வராமல் போனால் மனு போடுங்கள். அது கிடைத்தவர்களுக்கு, முழுநேரமும் இன்னொருவர் துணை தேவை என்றால் கூடுதலாக ஒரு தொகையும் உண்டு.

இப்போது அவரிடம் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். "ஊர் முன்னால் கை நீட்டணுமா" என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவரைக் கேட்காமல் அவர் படத்தைப் போட்டு, நோயை விவரித்து ஒரு பக்கம் தயாரானால் நானும் கோபப்படுவேன். மருமகன் தயாரித்ததை அவர் கையில் கொடுத்து, பிடிக்காததை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். தலைப்பிலிருந்து தொகை வரை அவர் முடிவு. அழுகிற படம் வேண்டாம், குழாய் செருகிய படம் வேண்டவே வேண்டாம். வேலைச் சட்டையோடு நிற்கிற பழைய படம் ஒன்று போதும். பையனின் பள்ளிப் பெயர், வீட்டு முகவரி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

இந்த நாட்டில் இந்த நோயை விளக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். 1995 உலகக் கோப்பையில் ஒன்பதாம் எண் சட்டையோடு ஓடிய யூஸ்ட்டுக்கு 2011-ல் இதே நோய் இருப்பது தெரிந்தது, 2017 பிப்ரவரியில் இறந்தார், அவர் நாற்காலியில் இருந்ததை ஊரே டிவியில் பார்த்தது. ஒரு வரியில் புரிந்துவிடும்.

கேட்கும் தொகை பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. 6,50,000 என்கிற எண்ணைப் பார்த்ததும், நூறு ராண்ட் கொடுக்கக்கூடியவர், "என் நூறு எந்த மூலைக்கு" என்று நகர்ந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைக் கேளுங்கள். இப்படி எழுதலாம், எண்களை உங்கள் விலைப் பட்டியல்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

"எனக்கு 51 வயது. யூஸ்ட்டுக்கு வந்த நோய் எனக்கும் வந்திருக்கிறது. இன்னும் சில மாதத்தில் மாடிக்குப் போக முடியாது. கீழ்க் கழிவறையைக் குளியலறையாக்க 84,000 ராண்ட் ஆகும் என்று கட்டடக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார், தாள் கீழே இருக்கிறது. 31,000 எங்களிடம் இருக்கிறது. மீதி 53,000-க்கு உங்கள் உதவி கேட்கிறேன். மீந்தால் நாற்காலி மெத்தைக்குப் போகும். அதற்கும் தேவைப்படாமல் போனால் இதே நோய் உள்ள இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம்."

இதில் இரக்கத்தைக் கிளறுகிற ஒரு சொல்லும் இல்லை, பாருங்கள். சொந்தப் பணம் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பதுதான் இதில் பலமான வரி. மீதியை என்ன செய்வோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டதால் பின்னால் பேச்சு வராது. குளியலறை முடிந்ததும் படம் எடுத்துப் போட்டு, ரசீதும் போட்டு, பிறகு நாற்காலிக்குக் கேளுங்கள். முதல் தடவை கொடுத்தவர்களே மறுபடி கொடுப்பார்கள்.

இணையத் தளம் ஏதானாலும், பேக்கபடி போல உள்ளூர்த் தளமானாலும், கட்டணம் போக எவ்வளவு கைக்கு வரும், எந்த வங்கிக் கணக்குக்கு வரும் என்று முதலிலேயே படித்துப் பாருங்கள். பணம் மருமகன் பெயரில் வர வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள், வீட்டுச் செலவு அதில் கலக்கவே கூடாது. குடும்பத்தில் இல்லாத ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் மாதிரி, மாதம் ஒரு தடவை கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். சாசா மனு போடுகிற எண்ணம் இருந்தால், உங்கள் பெயரில் பெருந்தொகை கிடப்பது கேள்விக்கு இடம் கொடுக்கும், எந்தப் பணம் எதற்கு என்று விளக்க இந்தப் பிரிவு உதவும்.

கோயில் கமிட்டி முன்வந்திருப்பது பெரிய விஷயம். அவர்களிடம் இரண்டு கேளுங்கள். கோயில் பொதுநல அமைப்பாக சார்ஸிடம் 18ஏ அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பது ஒன்று. பெற்றிருந்தால் கொடுப்பவருக்கு வரிச் சலுகைக்கான ரசீது தர முடியும், குடும்பமாக நாம் தர முடியாது. கடை முதலாளிகள் இந்த ரசீது இருந்தால் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் அங்கீகாரம் எந்த வேலைக்கு என்று பெற்றார்களோ அதற்குள் இது அடங்க வேண்டும், கணக்காளரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும். இரண்டாவது, மேடையில் பெயர் சொல்லி அழைத்துக் காசோலை கொடுக்கிற வைபவம் வேண்டாம் என்று மென்மையாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அது ஒன்று போதும், அடுத்த தடவை கோயில் பக்கமே வர மாட்டார்.

பிரியாணி விற்பனை போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், நம்மவர்களுக்கு அது கைவந்த கலை. போடுங்கள், நன்றாகப் போகும். முன்பணம் வாங்கி ஆர்டர் எடுங்கள், அடுப்பு ஏற்றிய பிறகு ஆள் தேடாதீர்கள். சம்பளம் வந்த கையோடு வருகிற சனிக்கிழமையாகப் பாருங்கள். புரட்டாசியில் கோழி பிரியாணி போட்டால் பாதி ஊர் வாங்காது, அப்போது காய்கறி பிரியாணியும் பருப்பும்தான். ராஃபிள் மட்டும் வேண்டாம். பொதுமக்களுக்குச் சீட்டு விற்பது லாட்டரிச் சட்டத்துக்குள் வரும், தனிக் குடும்பம் தன்னிஷ்டத்துக்கு நடத்த முடியாது. பதிவு பெற்ற அமைப்பு உரிய அனுமதியோடு நடத்தினால் அது வேறு.

மறந்துவிடக் கூடாதது, மின்சாரம். லோட் ஷெடிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) குறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது, சாட்ஸ்வொர்த்தில் கேபிள் பழுதானாலும் ஒரு இரவு போய்விடும். மின்கட்டில், நாற்காலி சார்ஜ், பின்னால் இரவில் மூச்சுக்கு உதவும் பைபாப் கருவி வந்தால் அதுவும் இந்தக் கம்பியில்தான் ஓடும். பேட்டரியோடு ஒரு இன்வர்ட்டரை இரண்டாவது வசூல் பட்டியலில் சேருங்கள். தொழிற்சாலைத் தோழர்கள் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டால் இதைக் கேளுங்கள், அவர்களே வந்து மாட்டியும் தருவார்கள்.

காசு செலவில்லாமல் இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, நடமாட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான். இந்த நோயில் பேச்சும் போகலாம். அவர் குரலைப் போனில் பதிந்து வையுங்கள். பையனைக் கூப்பிடுவது, உங்களைக் கூப்பிடுவது, அவர் வழக்கமாகச் சொல்கிற கிண்டல், தேவாரம் தெரிந்தால் இரண்டு வரி. பின்னால் பேச்சுக் கருவி வரும்போது உதவும், வராவிட்டாலும் வீட்டில் இருக்கும்.

இனி வரிசை. திங்கட்கிழமை மனிதவளப் பிரிவு. அதே வாரம் தெரபிஸ்டை வீட்டுக்கே வரச் சொல்லி அளவெடுக்கச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அவர் உங்கள் பின்கட்டைப் பார்க்க முடியாது. அறிக்கை வந்ததும் கட்டடக்காரர் இருவரிடம் விலை. அதற்குப் பிறகுதான் மருமகனின் பக்கம், அதுவும் உங்கள் வீட்டுக்காரர் திருத்தியபடி. காப்பீட்டு விதிமுறைப் புத்தகம் கைக்கு வந்து புரியாவிட்டால், இயலாமை என்ற தலைப்பில் இருக்கிற பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.